செல்ஃப் சாரின் ஞாயிற்றுக்கிழமைகள்

நீலகிரி மாவட்டத்திலேயே கார் பேட்டரிக்குக் கம்பளி போர்த்திவிட்டுத் தூங்கப் போன ஒரே மனிதர் செல்ஃப் சார்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார். அந்தக் கம்பளியை நானே பார்த்திருக்கிறேன். பச்சைக் கட்டம் போட்டது, என்னுடையதைவிட நல்லது.

இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையில் ஈரோட்டிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்திருந்தேன். மகளுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் அவளும் கணவரும் ஈரோட்டிலேயே தங்கிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு பெட்டியோடும் இரண்டு ஸ்வெட்டரோடும் மேலே வந்து, ஒரு மாடிப் போர்ஷனில் குடியேறினேன். கீழ் வீட்டில் செல்ஃப் சார். தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்ததில் தன் கல்யாணத்தை மறந்துவிட்டார் என்று தெருவில் சொல்வார்கள். ஓய்வு பெற்ற மாதமே, ஊர் சுற்றலாம் என்று ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். ஆனால் எங்கும் சுற்றவில்லை.

தினமும் காலை ஆறேகாலுக்கு அந்தக் காரை ஸ்டார்ட் செய்வார். இரண்டு நிமிஷம் காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவ்வளவுதான். தெருவே அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தது. பால் வாங்கப் போகிறவர்கள் "ஏனுங் சார், செல்ஃப் எடுத்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்படியே அவருக்குப் பேரும் ஆகிவிட்டது.

ஒரு டிசம்பர் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. எங்கள் தெரு நல்ல இறக்கம். ஆறு பேர் சேர்ந்து தள்ளினோம். கார் சந்தோஷமாக உருண்டு தெருக்கோடிவரை போய், அங்கே உயிரில்லாமல் நின்றது. அதே ஆறு பேர் மறுபடி மேலே தள்ளியபோது பேசிய பேச்சை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

அன்று மத்தியானம் என் கதவைத் தட்டினார். "அம்மணி, புது பேட்டரி வாங்கப் போறேனுங்க. கூட ஒரு ஆள் சாட்சிக்கு வந்தா நல்லாயிருக்கும்."

பேட்டரி வாங்கச் சாட்சி எதற்கு என்று கடையில்தான் புரிந்தது. கடைக்காரர் எடுத்து வைத்த முதல் பேட்டரியைத் தலைகீழாக்காத குறையாகப் புரட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தயாரித்த தேதியைத் தேடினார்.

"இது செஞ்சு ஏழு மாசம் ஆச்சுங்க."

"சார், இது பால் பாக்கெட்டுங்களா? ஒண்ணும் ஆகாதுங்க."

"பழசை முதல்ல தள்ளிவிடுற பழக்கம் எனக்குத் தெரியுமுங்க. நானே முப்பது வருஷம் செஞ்சிருக்கேன். அம்மணி, பாத்துக்குங்க."

நான் பார்த்துக்கொண்டேன். நான்காவது பேட்டரியில் சமாதானம் ஏற்பட்டது. இரண்டு மாதம் முன்பு செய்தது. ரசீதையும் வாரண்ட்டி அட்டையையும் தனித்தனியாக மடித்து வைத்துக்கொண்டு, "இது எத்தனை வருஷம் வருமுங்க?" என்று கேட்டார்.

"வண்டி எவ்வளவு ஓடுது?"

"தினமும் ஸ்டார்ட் பண்றேனுங்க."

"சரிங்க, ஓட்டுறது?"

சார் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "போன வருஷம் சர்வீஸுக்கு விடப் போனேன்."

கடைக்காரர் பேட்டரியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "சார், தினமும் ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு நிமிஷத்துல ஆஃப் பண்ணீங்கன்னா, எடுத்த சார்ஜ் திரும்பி ஏறவே ஏறாதுங்க. பழைய பேட்டரி தானா சாகல. நீங்கதான் கொன்னுட்டீங்க. வாரத்துக்கு ஒரு நாளாச்சும் முக்கால் மணி நேரம் ரோட்டுல ஓட்டுங்க."

"எங்க போறது?"

கடைக்காரர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். "எங்கயாச்சும் போங்க சார். இவ்ளோ பெரிய மலை இருக்கு."

சார் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊட்டி போனார். இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்பி வந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். மூன்றாவது ஞாயிறு என் கதவு தட்டப்பட்டது. ஷூ, தொப்பி, மப்ளர் எல்லாம் போட்டிருந்தார். "அம்மணி, உங்களுக்கு எங்கயாச்சும் போக வேண்டிய சோலி இருக்குங்களா? பேட்டரிக்காகக் கேக்கறேன்."

எனக்கு ஒரு சோலியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்ததெல்லாம் ஈரோட்டுக்கு மூன்று முறை ஃபோன் செய்து, மூன்று முறையும் "சாப்பிட்டியா" என்று கேட்டதுதான். "எமரால்டு அணை பார்த்ததில்லை சார்" என்றேன்.

வண்டியில் சாரின் சட்டங்கள்: பாட்டுப் போடக்கூடாது, சார்ஜ் போகும். கண்ணாடியில் பனி படிந்தால் நான் துணியால் துடைக்க வேண்டும். வைப்பர் கனமழைக்கு மட்டும். எமரால்டில் டீக்கடை முன் வண்டியை அணைக்க மனம் வராமல் அவர் உள்ளேயே இருக்க, நான் டீயை ஜன்னல் வழியாக நீட்டினேன். ஆனால் அணைக்கட்டுத் தண்ணீரைப் பார்த்ததும் தானாகவே சாவியைத் திருப்பிவிட்டு இறங்கினார். "முப்பது வருஷமா இந்த மலையில இருக்கேன். இங்க வந்ததில்லீங்க" என்றார்.

விஷயம் தெருவுக்குத் தெரிய ஒரு வாரம்தான் ஆனது. எதிர்வீட்டு சரோஜாக்காவின் மகள் ஊட்டியில் ஹாஸ்டலில் இருந்தாள். ஞாயிறுதோறும் அக்கா சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு பின்சீட்டில் ஏறிவிடுவார். "உங்களுக்காக ஓட்டலீங்க, பேட்டரிக்காக ஓட்டுறேன்" என்று சார் வாராவாரம் அறிவிப்பார். "ஆமாங் சார், பேட்டரிக்கும் ஒரு வாய் எடுத்து வெச்சிருக்கேன்" என்று அக்கா தக்காளி சாதத்தை நீட்டுவார்.

ஒரு ஞாயிறு, அக்கா கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிருந்தார். எனக்குக் காய்ச்சல். வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்தேன். பத்து மணிக்கு ஜன்னலில் பார்த்தால் கார் அங்கேயே நிற்கிறது. தொப்பியும் மப்ளருமாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

சால்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனேன். "ஏன் சார் போகலை?"

"போகணும்னுதான் உக்காந்தேன். தனியாப் போனா சார்ஜ் ஏறுமானு தெரியலீங்க."

"ஏறும் சார்."

"ஏறும். எனக்கும் தெரியுமுங்க" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். வழியில் கேத்தி வரைக்கும்தான் எனக்கு நினைவிருக்கிறது. விழித்தபோது கார் ஒரு தேயிலைச் சரிவோரம் நின்றிருந்தது. என் மேல் அந்தப் பச்சைக் கட்டம் போட்ட கம்பளி. சார் வெளியே, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, குளிரில் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்தில் எனக்கு ஈரோட்டுக்கே மாற்றல் வந்தது. மேட்டுப்பாளையம் வரை தானே கொண்டுவந்து விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இனி ஒரு சீட்டு காலிங்க" என்றார்.

"சரோஜாக்கா இருக்காங்களே சார்."

"அவங்க பின்சீட்டுங்க."

பஸ் வந்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. பேட்டரி இன்னும் அதேதான். வாரண்ட்டி முடிந்துவிட்டது, அது முடியவில்லை. ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது எனக்கு அவரிடமிருந்து ஃபோன் வரும். "அம்மணி, கிளம்பறேனுங்க" என்பார். எங்கே என்று நான் கேட்பதில்லை. "வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு ஃபோன் பண்ணுங்க சார்" என்று மட்டும் சொல்லுவேன். அந்த ஃபோன் வருகிறவரை, நான் கடைக்குக்கூடப் போவதில்லை.