வாய்தா அண்ணாச்சியின் ஈரல் வழக்கு

நாகர்கோவில் கோர்ட்டில் தீர்ப்பு எழுதியவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். தீர்ப்பே வராமல் பார்த்துக்கொண்டவர் ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோர்ட்டு டவாலி முதல் வாசலில் சுக்குக்காப்பி விற்பவர் வரை எல்லாருக்கும் அவர் வாய்தா அண்ணாச்சி.

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது. பத்தாவது முடித்த கையோடு ஒரு வக்கீலிடம் இளைய குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே மூத்த குமாஸ்தா அண்ணாச்சி. வக்கீல் பேச எழுந்தால் கோர்ட்டே வாயைப் பிளக்கும். ஒரே ஒரு குறை, எழுந்திருக்கும் முன்னால் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்திருக்க மாட்டார். காலையில் கையைப் பிசைந்துகொண்டு, "ஓய், இண்ணைக்கு என்ன செய்ய?" என்பார். "நான் எதுக்கு இருக்கேன்?" என்பார் அண்ணாச்சி. அன்றைக்கு வாய்தா.

வாய்தாவுக்காக வக்கீலின் மாமனாரை மட்டும் நாலு தடவை சாகடித்திருக்கிறார். நாலாவது தடவை நீதிபதி மனம் இளகி வாய்தா கொடுத்துவிட்டு மத்தியானம் வெளியே வந்தால், அதே மாமனார் வேப்பமரத்தடியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார். நான் தூணுக்குப் பின்னால் பதுங்கினேன். அண்ணாச்சியோ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய், "போனவரு இவருக்கு அண்ணனாக்கும் எசமான். முகச்சாயல் அப்பிடியே இருக்கும்" என்றார். நீதிபதி அந்த மாமனாரிடமே துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

வீட்டிலும் இதே கதைதான். கூரை ஒழுகுகிறது என்று அவர் மனைவி, எனக்கு மதினி, சொன்னால், "கார்த்திகை கழிஞ்சு வச்சிருக்கு" என்பார். எந்தக் கார்த்திகை என்று சொல்ல மாட்டார். அவருடைய கல்யாணமே இரண்டு தடவை தள்ளிப்போய் மூன்றாவது முகூர்த்தத்தில்தான் நடந்தது. "இன்னொரு தடவ தள்ளியிருந்தா எங்கப்பா வேற எடம் பாத்திருப்பாரு, எனக்குக் குடுத்துவைக்கல்ல" என்று மதினி அவர் முன்னாலேயே சொல்லுவார். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளுவார். குழந்தைகள் கிடையாது. அவருக்கு மதினி, மதினிக்கு அவர்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஐப்பசி மாதத்தில், ஆபீசுக்கு வந்த நாலு ரசவடையைக் குமட்டுகிறது என்று தள்ளிவைத்தார். ரசவடையை அவர் தள்ளிவைத்து யாரும் கண்டதில்லை. வக்கீல் ஆடிப்போனார். மறுநாளே என்னைத் துணைக்குச் சேர்த்து, மேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

அங்கே ஒரு டாக்டரம்மா. உள்ளூர்க்காரர்தான். அண்ணாச்சியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றின் வலப்பக்கம் அமுக்கினார்.

"வலிக்கா?"

"வலிச்சா என்ன அர்த்தம், வலிக்கல்லன்னா என்ன அர்த்தம்? அத மொதல்ல சொல்லுங்கோ. அதுக்குத் தக்கன நான் பதில் சொல்லுகேன்."

டாக்டரம்மா கொஞ்சம் பலமாகவே அமுக்கினார். "அய்யோ!" என்று உண்மை வெளியே வந்துவிட்டது.

பிறகு ஒரு குப்பியில் சிறுநீர் வாங்கிக் கந்தகப்பொடி தூவிப் பார்த்தார்கள். ஈரல் நன்றாக இருந்தால் பொடி மேலே மிதக்குமாம். அண்ணாச்சியுடையதில் அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. இன்னொரு சோதனையும் செய்தார்கள். அதுவும் கோளாறு.

"ஈரல் சோதனை ரெண்டும் செரியில்ல, பாத்துக்கிடுங்க" என்றார் டாக்டரம்மா. "வந்துட்டுப் போற மஞ்சக்காமாலையா, இல்ல ஈரல்ல வேற என்னமும் கெடக்கான்னு இப்பம் சொல்ல ஒக்காது. ரத்தத்தத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பணும். பத்து நாள் கழிச்சு வாங்க."

"வேற என்னமும்னா என்னது?"

"அது தெரிஞ்சா இப்பமே சொல்லிருவேம்லா?"

வெளியே வந்ததும் அண்ணாச்சி, "தீர்ப்ப ஒத்திவச்சாச்சு மக்கா" என்றார். கேட்காமலே பத்து நாள் வாய்தா கிடைத்த மனிதர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். பஸ் ஏறும்போதோ, "வேற என்னமும்னா என்னடே அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

அந்தப் பத்து நாளை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன்.

முதல் வேலையாக ஊரில் உள்ள கண்ணாடியெல்லாம் அவர் கைவசமாயிற்று. பார்பர் ஷாப் கண்ணாடி, ஆபீஸ் பீரோக் கண்ணாடி, நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி, எதையும் விடவில்லை. கீழ் இமையை இழுத்துக்கொண்டு நிற்பார். பஸ் கிளம்பினால் கூடவே நாலடி ஓடுவார். கண் மஞ்சளா இல்லையா என்று தனக்கே நிச்சயமில்லாமல் போனதும் சாட்சி விசாரணை தொடங்கிற்று. ஒரு முழுத்தாளை எடுத்து, முதல் சாட்சி பார்பர், இரண்டாம் சாட்சி சுக்குக்காப்பிக்காரர் என்று வரிசையாக வாக்குமூலம் எழுதி ஒப்பமும் வாங்கிக்கொண்டார். நாலு பேர் மஞ்சள் என்றார்கள். நாலு பேர் இல்லை என்றார்கள். கோர்ட்டு டவாலி மட்டும், "எனக்கு ஒரு கண்ணு தெரியாது அண்ணாச்சி, தெரியுத கண்ணுக்கு மஞ்சளாத்தான் இருக்கு" என்றார். அவரைப் பிறழ்சாட்சி என்று எழுதிவைத்தார்.

மதினிக்குச் சாட்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி நீட்டிவிட்டார். "விசாரணை நிலுவையில இருக்கும்போ தண்டன குடுக்கப்பிடாது" என்று அண்ணாச்சி ஆட்சேபணை எழுப்பினார். "குடிக்கியளா, மூக்கப் பிடிச்சு ஊத்தட்டா?" என்றார் மதினி. குடித்தார். 'வேற என்னமும்' பற்றி மட்டும் மதினியிடம் மூச்சுவிடவில்லை. என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் ஒரு பொட்டலத்தோடு ஆபீசுக்கு வந்தார். வாணவேடிக்கைக்காரரிடம் கேட்டு வாங்கின கந்தகப்பொடி! வக்கீல் கோர்ட்டுக்குப் போன நேரம் பார்த்து, பின்கட்டில் கண்ணாடித் தம்ளரில் சோதனை நடந்தது. பொடி மூழ்கிற்று. அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது.

"ஒப்பிட்டுப் பாக்க ஒரு நல்ல ஈரல் வேணும் மக்கா. போ, இதே தம்ளர்ல நீயும் கொண்டா."

பெரியவர் கேட்டால் மறுக்க முடியுமா? கொண்டுவந்தேன். பொடியைத் தூவினார். அதுவும் மூழ்கிற்று.

இருபது வயதில் ஈரல் போய்விட்டது! அண்ணாச்சி என் தோளைப் பிடித்து, "பயப்படாதல, ரெண்டு பேரும் சேந்தே அலைவோம்" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். அவரைப் பார்த்து நானும் பீரோக் கண்ணாடியில் இமையை இழுக்க ஆரம்பித்தேன். மறுநாள் மத்தியானம் ஏதோ தோன்றி, அதே தம்ளரில் வெறும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பொடியைத் தூவினோம். கிணற்றுக்கும் ஈரல் கெட்டிருந்தது. ஆபீஸ் பெருக்க வருகிற அம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தோம். தம்ளரைத் தினமும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்து, அலசாமல் அப்படியே கவிழ்த்து வைப்பாளாம். சோப்புப் பட்டாலும் பொடி மூழ்கும் போலிருக்கிறது. நான் பிழைத்தேன். "ஆனா ஆஸ்பத்திரியில சோப்பு இல்லியே" என்று அண்ணாச்சி மறுபடியும் வாடிச் சாம்பிப்போனார்.

எட்டாம் நாள் மரியம்மை வந்தாள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரி, புருஷன் இல்லாதவள். பதினேழு தென்னை நிற்கிற ஒரு விளைக்காகக் கொழுந்தனோடு ஆறு வருஷமாக வழக்காடுகிற எங்கள் கட்சிக்காரி. வக்கீல் அவளுடைய வழக்குக் கட்டையும் பிரித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி அடுத்த தேதியைச் சொல்லுவார், அவள் தலையாட்டிவிட்டுப் போவாள்.

"அடுத்த வாய்தா எண்ணைக்குன்னு சொல்லுங்க குமாஸ்தாய்யா, பஸ்ஸு போயிரும்."

"இரி மரியம்மே. ஒரு சங்கதி கேக்கணும். வாய்தாவுக்கு முந்தின நாளு நீ ஒறங்குவியா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னதே அதுதான் முதல் தடவை.

"மொத ரெண்டு வருசம் பொட்டு ஒறக்கம் கெடையாதுய்யா. காலையில வெப்ராளத்துல ஒரு வாய் கஞ்சி எறங்காது. பொறவு நீங்க எப்பிடியும் தள்ளித்தான் போடுவியன்னு மனசிலாச்சு. இப்பம் சொகமா ஒறங்குவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தேதியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அண்ணாச்சி பேனாவை மூடிவைத்தார். "ரெண்டு வருசமாம்ல" என்றார். "எனக்கு எட்டு நாளே தாங்கல்ல."

பத்தாம் நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணாச்சி சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். என் கையில் ஒரு கவரைக் கொடுத்து, "நீ மட்டும் போயிட்டு வா" என்றார். பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். முறைப்படி எழுதின மனு!

'கனம் டாக்டரம்மா சமூகத்துக்கு. ஈரல் விஷயத்தில் மேற்படி கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லாத காரணத்தால் இன்று ஆஸ்பத்திரியில் ஆஜராக இயலவில்லை. ஆகவே பதினைந்து நாள் வாய்தா அளித்து உத்தரவாக வேண்டும். இதற்கு ஆதரவாக டாக்டர் சர்ட்டிபிகேட்டு பின்னர் தாக்கல் செய்யப்படும்.'

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் சிரித்த சிரிப்பில் நர்சு ஓடிவந்து எட்டிப்பார்த்தாள்.

"ஒடம்பு செரியில்லாததுனால ஆஸ்பத்திரிக்கு வரல்லியா?"

"ஆமாம்மா."

"ஒடம்பு நல்லா இருந்தா வருவாராமா?"

எனக்கு அசடு வழிந்தது. மேஜைமேல் பிரித்த கவர் ஒன்று கிடந்தது. "முடிவு என்னம்மா?" என்றேன். "ஈரல் ஒமக்கா, அவருக்கா?" என்று கேட்டுவிட்டு, மனுவின் மேலேயே சிவப்பு மையில், 'தள்ளுபடி. ஆள் நேரில் வரணும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்ததும் குறுக்கு விசாரணை.

"சிரிச்சது மனுவ வாசிச்சதுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தி."

"கவர் பிரிச்சிருந்துதா?"

"பிரிச்சிருந்தது."

"அப்பம் முடிவு தெரிஞ்ச பொறவும் சிரிச்சிருக்கா! சாகப்போறவன நெனச்சு ஒரு டாக்டரு சிரிப்பாளா?"

"மாட்டா."

"சாகமாட்டான்னு தெரிஞ்சா ஒன்கிட்ட சொல்லியிருப்பால்லா?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "நான் போயிட்டா ஒன் மதினிக்கு யாரு இருக்கா மக்கா?" என்றார். இந்த மனிதரைப் பார்த்துப் பத்து நாளாக மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்த நான், "நாளைக்கு ரெண்டு பேருமாப் போவோம் அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் காலை அவர் வேட்டி மாற்ற உள்ளே போன நேரம் மதினி என்னிடம் வந்தார். "தம்பி, பத்து நாளா அந்த மனுசன் ஒறங்கல்ல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக் கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பாரு. நான் பயப்படுகது அவருக்குத் தெரியாண்டாம்னு நானும் கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். என்ன ஆனாலும் பத்திரமாக் கூட்டிட்டு வந்திரும்" என்றார். "செரி மதினி" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீதிபதி முன்னால் நிற்பதுபோல நின்றார். டாக்டரம்மா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மஞ்சக்காமாலதான். வேற ஒண்ணும் இல்ல. அதுவும் எறங்கிட்டு வருது. மூணு மாசம் எண்ணெய்ப் பலகாரம் தொடப்பிடாது."

"ரசவடையுமா?"

"ரசவடையும்."

"அப்பீலு உண்டா?"

"கெடையாது."

அண்ணாச்சி கும்பிட்டார். வாசல்வரை போனவர் திரும்பிவந்தார். "தீர்ப்பு நகல் ஒண்ணு வேணும்மா. வீட்டுல காட்டணும்." டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. வெள்ளைத் தாளில், 'பயப்பட ஒன்றுமில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையையும் குத்திக் கொடுத்தார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, "மரியம்மைக்க கேசு எண்ணைக்கு?" என்று கேட்டார்.

"அடுத்த வியாழன்."

"வக்கீலக் கட்டிப்போட்டாவது வாசிக்கவைக்கணும் மக்கா. அண்ணைக்கு நடத்திருவோம். செயிச்சாலும் செரி, தோத்தாலும் செரி, அவளுக்குத் தெரியட்டும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தக்கலை தாண்டவில்லை, தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாய் திறந்திருந்தது. குறட்டை டிரைவர் வரைக்கும் கேட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார், நானும் முறைத்தேன். நாகர்கோவில் வந்தது. "எறங்குங்கோ, எறங்குங்கோ" என்று கண்டக்டர் எங்கள் சீட்டுக்கே வந்து கத்தினார். அண்ணாச்சி அசையவில்லை. மதினி வழிபார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். வக்கீல் தேடுவார் என்றும் தெரியும். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"இந்த பஸ்ஸு எங்கவரைக்கும் போவும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கன்னியாகுமரி."

"ரெண்டு டிக்கெட்டு குடும்" என்றேன். "கொஞ்சம் சத்தம் போடாமக் குடும்."