ஷர்மினிக்கு ஒரு கீறல்கூட இல்லை

பாசிர் கூடாங்,
ஞாயிற்றுக்கிழமை

காஹாங்கில் செம்பனைத் தோட்டத்துக் கொசுக்கடியிலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ள மறக்காத அன்பு அக்கா காளியம்மா அவர்களுக்கு, தம்பி கமலநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் செல்வராணியும் மகள் ஷர்மினியும் முனியாண்டி புண்ணியத்தில் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்பீர்கள். நான் "ஜூடோ" என்று வாயைத் திறந்ததுமே நீங்கள் "எந்த எலும்பு?" என்று அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று போட்டி முடிந்தது. ஷர்மினிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூச்சை விடுங்கள் அக்கா, நானும் இப்போதுதான் விட்டேன்.

தீபாவளிக்கு நாங்கள் அங்கே வந்திருந்தபோது, "பொம்பளப் பிள்ளைய ஏன்டா அடிதடிக்கு அனுப்புற? ஒங்க வீட்டுல ஒரு எலும்பு ஒடஞ்சாலும் அன்னியோட இந்த வெளையாட்டு நிக்கணும்" என்று சொல்லி, முனியாண்டி முன்னால் என்னைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தீர்கள். அப்போது ஷர்மினியின் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வகுப்பில் ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டாலே மேசைக்கடியில் ஒளியப் பார்க்கிற பிள்ளை. ஜூடோவில் சேர்ந்த பிறகுதான் சாப்பிடும்போது வாய் ஓயாமல் பேசுகிறாள். அது நின்றுபோகுமோ என்ற பயம் ஒருபக்கம், எலும்புப் பயம் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடு அவளைப் பாதியிலேயே கூட்டிவரத்தான் அந்த மண்டபத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால் அடியும் இல்லை, உதையும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட இருபது பிள்ளைகள் பாயில் வரிசையாக விழுந்துகொண்டிருக்கிறார்கள்! யாரும் தள்ளவில்லை, தாங்களாகவே விழுகிறார்கள், எழுந்து மறுபடி விழுகிறார்கள். பயிற்சியாளர் அசிசா சிரித்துக்கொண்டே, "ஜாத்தோ டூலு, என்சிக்" என்றார், முதலில் விழக் கற்றுக்கொள்ளட்டும் ஐயா என்று. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முழுக் கையாலும் பாயை ஓங்கி அறைய வேண்டுமாம். உள்ளங்கையை மட்டும் ஊன்றவே கூடாதாம், ஊன்றினால் மணிக்கட்டு போய்விடுமாம். இதை ஷர்மினி வீட்டில் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நான் என்ன விழவா போகிறேன் என்று தலையாட்டி வைத்தேன்.

மற்றபடி விளையாட்டு சுலபம்தான் அக்கா. கும்பிடு போட்டுத் தொடங்க வேண்டும், கும்பிடு போட்டு முடிக்க வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்து, எதிராளியின் முதுகு பாயில் படும்படி அழகாக வீசினால் அதற்குப் பெயர் இப்போன், ஆட்டம் முடிந்தது. இருபது வினாடி எழ விடாமல் அமுக்கிப் பிடித்தாலும் வெற்றிதான். தாங்க முடியவில்லை என்றால் கையால் இரண்டு தட்டு தட்டினால் போதும், உடனே விட்டுவிட வேண்டும். இப்படி ஒரு வசதி எங்கள் வீட்டுச் சண்டையில் இருந்தால் நான் எத்தனையோ முறை தட்டியிருப்பேன். செல்வராணி விடுவாளா என்பது வேறு விஷயம்.

நேற்று ஜொகூர் பாருவில் போட்டி. நீங்கள் கொடுத்தனுப்பிய வெள்ளித் தாயத்தை நானே அவள் கையில் கட்டினேன். நடுவர் பார்த்துவிட்டுக் கழற்று என்றார். இது சாமி விஷயம் என்று நான் மலாயில் வாதாடினேன். அவரோ, எதிராளிக்குக் காயம் படும், கடினமான பொருள் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். ஷர்மினிதான் கழற்றிக் கொடுத்து, "ப்பா, எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க வச்சிருங்க லா" என்றாள். அதை வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்வையாளர் படிக்கட்டில் போய் நின்றேன்.

எதிரே மூவாரிலிருந்து வந்த பிள்ளை, நம் பிள்ளையைவிட ஒரு தலை உயரம். முதல் நிமிடத்திலேயே ஷர்மினியைத் தூக்கி வீசினாள். 'பட்' என்று ஒரு சத்தம். அலமாக், எலும்புதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் இவள் எழுந்து நின்று இடுப்புக் கச்சையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்! அந்தச் சத்தம் அவள் கை பாயை அறைந்தது. முதுகு முழுதாகப் படாததால் ஆட்டம் தொடர்ந்தது. அடுத்து என்ன செய்தாள் என்று எனக்கே புரியவில்லை, மூவார்ப் பிள்ளை காற்றில் ஒரு சுற்று சுற்றிப் பாயில் மல்லாந்து கிடந்தாள். இப்போன்! பிறகு இருவரும் கும்பிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் வெண்கலப் பதக்கம். அந்தப் பாயில் ஒருவருக்கும் ஒரு எலும்பும் முறியவில்லை. இனி எனக்குப் பயமே இல்லை அக்கா, நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

முனியாண்டிக்கு என் பெயரில் ஒரு சுருட்டு வைத்துவிடுங்கள். உங்கள் முழங்கால் தேறி, பொங்கலுக்கு எங்கள் வீட்டு மாடிப்படி ஏற அவர் அருள்புரியட்டும்.

உங்கள் ஆசியை நாடும்,
தம்பி கமலநாதன்

பின்குறிப்பு: கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டிருப்பீர்கள். நான் சொல்லச் சொல்ல ஷர்மினிதான் எழுதுகிறாள். இப்போன் என்றதும் நான் சந்தோஷத்தில் குதித்தேன், கால் கீழே இறங்கியபோது படி இருந்த இடத்தில் இல்லை, விழுந்தேன். உள்ளங்கையை ஊன்றினேன். வலது மணிக்கட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டு. தாயத்து அந்தக் கைக்குள்தான் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என் எலும்பும் இந்த வீட்டு எலும்புதான், சூடம் அணைத்தவன் பொய் சொல்லக் கூடாது. இனி நீங்கள் சொல்வதுதான்.

அத்த, இது நான், ஷர்மினி. அப்பா தூங்கிட்டாரு. ஒடஞ்சது விழத் தெரியாதவரோட எலும்பு. நான் தெனமும் நூறு தடவ விழறேன், எனக்கு ஒண்ணும் ஆகல. யாரையாச்சும் நிறுத்தியே ஆகணும்னா, அப்பா குதிக்கிறத நிறுத்துங்க.