இளைச்சுட்டியே!

‘இல்ல ஊக்குநர்: பயனாளியின் எடை குறைவதில் மகிழ்ந்து, உணவிலும் நடையிலும் உடனிருந்து உற்சாகமூட்டுபவர்.’ புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்காகத் தென்னூரில் ஒரு மருத்துவமனை நடத்தும் எடைக் குறைப்புத் திட்டத்தின் படிவத்தில் இப்படி ஒரு கட்டம் இருக்கிறது. அதன் கீழே மணிமணியான எழுத்தில் கையொப்பமிட்டிருப்பவர் மன்னார்புரம் சகாயநாதன், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்.

வாசகரே, நான் சொல்ல வந்த இனம் ‘இளைச்சுட்டியே’ ஆசாமி. கல்யாண வீட்டிலோ ரேஷன் கடையிலோ உங்களைப் பார்த்ததும் முதலில் கன்னத்தை அளப்பார், பிறகு கழுத்தெலும்பை, பிறகு, நீங்கள் ஆறு மாதம் வாயைக் கட்டி, இனிப்பைத் துறந்து, விடியலில் எழுந்து நடந்து குறைத்த மூன்று கிலோவை ஒரே பெருமூச்சில் வியாதியாக்கிவிடுவார். பூசினாற்போல் இருந்தால் ஆரோக்கியம். இல்லையென்றால் துக்க விசாரிப்பு. ‘இளைச்சுட்டீங்களே’ என்ற வார்த்தையைச் சிரித்த முகத்தோடு யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சகாயநாதன் இந்த இனத்தில் முதல் தரம். அவர் மனைவி பெலிண்டாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்து குணமாகி நான்கு வருடம் ஆகிறது. சிகிச்சையில் கொடுத்த ஸ்டீராய்டும், பிறகு வீட்டில் இவர் ஊற்றிய நெய்யும் சேர்ந்து உடம்பை ஏற்றிவிட்டன. முட்டி வலி. சர்ச்சில் பாடகர் குழு நிற்கும் மாடத்துக்குப் பதினெட்டுப் படி. ஏற முடியாமல் கீழே பெஞ்சில் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தார். மறுபடி மேலே நின்று பாட வேண்டும் என்றுதான் திட்டத்தில் சேர்ந்தார்.

சனிக்கிழமை காலைகளில் திட்டத்துக்காரர்கள் ஸ்ரீரங்கம் உத்திர வீதியைச் சுற்றி நடப்பார்கள். நம் ஊக்குநர் பின்னாலேயே ஸ்கூட்டரில் ஊர்ந்து வருவார்.

“பெலி, முகமெல்லாம் வேர்க்குது. ஏறிக்கோ.”

“நடக்கத்தானேங்க வந்திருக்கேன்?”

“நடந்தது போதும். அந்தக் கடையில பொங்கல் இறக்குறான் பாரு. ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் நட.”

கூட நடக்கும் வேணி திரும்பிப் பார்ப்பார். “அண்ணே, வண்டிய ஓரமா போட்டுட்டு நீங்களும் இறங்குங்க. உங்க தொப்பையாவது கரையட்டும்.”

சகாயநாதனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் காதில் விழுவதில்லை.

வாரந்தோறும் ஞாயிறன்று வீட்டு மெஷினில் எடை பார்த்து எழுதுவதும் ஊக்குநர் வேலை. குனிந்து முள்ளைப் பார்க்கப் பெலிண்டாவுக்கு முட்டி விடாது, இவர் படிப்பார். ஏழு வாரமும் எழுபத்தெட்டு. எட்டாவது வாரம் எழுபத்தெட்டரை! பெலிண்டா முதலில் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார், பிறகு இட்லியில் ஒன்றை விட்டார், கடைசியில் அழுதார்.

“எனக்கு இதெல்லாம் சரிவராதுங்க. நின்னுக்கிறேன்.”

சகாயநாதன் ஆசைப்பட்டதும் அதுதானே? ஆனாலும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாயன்று, பெயரை எடுத்துவிடச் சொல்லி இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். உணவு ஆலோசகர் ரஷீதா, “எடுத்துடலாம் மேடம். அதுக்கு முன்னாடி இதுல ஒருதரம் ஏறுங்க” என்றார். எழுபத்து மூன்றரை.

“நாலரை கிலோ குறைஞ்சிருக்கீங்க! வீட்டு மெஷின்ல ஏறவா செய்யுது? எப்படி சார்?”

சகாயநாதன் பொய் சொல்லமாட்டார். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர்.

“அடியில ஒரு திருகு இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை பெலி எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வச்சேன். ஆனா முள்ளு காட்டுனதத்தான் எழுதினேன். ஒரு எண்ணக்கூட மாத்தல.”

“அடப்பாவி மனுசா! நான் காப்பிய கசாயமா குடிச்சேனே!”

சகாயநாதன் மனைவியைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துப் பேசினார். “நோய்னு தெரியறதுக்கு முன்னாடி அந்த வருஷமும் இப்படித்தான் மாசாமாசம் குறைஞ்ச. ஜாக்கெட்டெல்லாம் பிடிச்சுத் தச்சுக்கிட்ட. அழகா இருக்கேன்னு நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

பெலிண்டா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப யாரும் சொல்லாம குறைஞ்சுது. இப்ப நான் சொல்லிக் குறையுதுங்க.”

“போன வாரம் எடுத்த டெஸ்ட் எல்லாமே நல்லா இருக்கு சார்,” என்றார் ரஷீதா.

சிரிக்காதீர்கள், வாசகரே. நடந்துவிட்டு வந்த அக்காவிடம் நேற்று நீங்கள் கேட்ட முதல் கேள்வி என்ன? அவர் போதும் போதும் என்று கையை மறித்த பிறகும் தட்டில் விழுந்த மூன்றாவது தோசை யார் போட்டது? உங்கள் வீட்டு மெஷினில் திருகு இல்லாதிருக்கலாம். உங்களுக்கு வாய் இருக்கிறதே.

சகாயநாதன் வீட்டுக்கு வந்ததும் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பெலிண்டா ஏறி நின்றதும் குனிந்து பார்த்தார். “எழுபத்து மூணு” என்று சத்தமாகப் படித்தார். அதையே எழுதினார்.