பஸ்ல கொட்டின பால்

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஜோலார்பேட்டை ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ்ல ஒரு பொட்டலத்த வாங்கி, ஆம்பூர்ல எங்க தோல் ஃபேக்டரிக்குக் கொண்டாரணும்.

எண்பதுகளோட ஆரம்பம். நான் ரிப்பேர் செக்‌ஷன்ல ஃபிட்டர்.

எங்ககிட்ட தோலை ரெண்டா பிளக்குற வெளிநாட்டு மெஷின் ஒண்ணு இருந்துச்சு. கத்தி தேயத் தேய, அதுவே கத்திய மயிரிழை மயிரிழையா முன்னால தள்ளிக்கும். தள்ளுற திருகு பழுதாகி பத்து நாளா மெஷின் நிக்குது. ஷூ கம்பெனி ஆர்டர் அப்படியே கெடக்குது. புதுத் திருகுதான் பொட்டலத்துல.

ஃபோர்மேன் ஆரோக்கியசாமி சொல்லி அனுப்பினது ரெண்டே வார்த்தை. "பிரிக்காத. ஆட்டாத."

பொட்டலம் கை நீளம். பஸ்ல மடில வச்சுக்கினு உக்காந்தேன். பக்கத்துல வாணியம்பாடி தோல் யாவாரி, ஒரு பாய். துப்பாக்கியான்னு கேட்டாரு.

இல்லன்னு சொல்லிட்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனா மொத்த ஃபேக்டரிலயும் அந்த மெஷின் புஸ்தகத்துல படம் பாத்தவன் நான் ஒருத்தன்தான். அதனால வெளக்கினேன்.

கேட்டுட்டு பாய், இதெல்லாம் நம்ம ஊர் பட்டறைலயே பண்ணிடுவாங்களேன்னாரு. எனக்கு அது தாங்கல. பிரிச்சேன்.

திருகு மேல ஒரு நட்டு. நட்டுக்குள்ள சின்னச் சின்ன இரும்புக் குண்டு. அதனாலதான் அதுக்குப் பேரு பால் ஸ்க்ரூ. எவ்ளோ வழவழன்னு ஓடுது பாருங்கன்னு, திருகை நேரா நிறுத்தி, நட்டை லேசா சுத்தி விட்டேன்.

ஓடுச்சு. வழவழன்னுதான் ஓடுச்சு. திருகோட முனை வந்தும் நிக்கல, கழண்டு விழுந்துடுச்சு. நட்டைக் கழட்டாதீங்கன்னு புஸ்தகத்துல எழுதியிருந்ததாம். ஜெர்மன்ல.

கடுகு கொட்டின மாதிரி குண்டெல்லாம் பஸ் முழுக்க உருண்டுச்சு. எனக்கு வாய் குழறி, "பால் கொட்டிடுச்சு, பால் கொட்டிடுச்சு"ன்னு கத்தினேன்.

கண்டக்டர் திரும்பிக்கூட பாக்கல. "துணி போட்டுத் தொடச்சு வுடு சார்."

விஷயம் புரிஞ்சதும் மனுஷன் தங்கமா நடந்துக்கிட்டாரு. வாணியம்பாடி ஸ்டாண்டுல ஒருத்தரையும் எறங்க விடல. எல்லாரும் காலைத் தூக்கிக்கினாங்க. ஒரு நர்ஸம்மா தலைல இருந்து ஹேர்பின்னை உருவி, பலகை சந்துல இருந்து குண்டை நோண்டி எடுத்தாங்க. வெளிய உருண்டதப் பாக்குறேன்னு கண்டக்டர்கிட்ட சொல்லிட்டு பாய் மட்டும் கீழ எறங்கிப் போய், கொஞ்ச நேரத்துல இன்னும் கொஞ்சம் கொண்டாந்து குடுத்தாரு. அதுவும் உருண்டு கெடந்துச்சுன்னாரு.

ஃபேக்டரிக்கு வந்து, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன நேரமா, கிரீஸ் தடவி குண்டை அடுக்கி மாட்டிட்டேன். ஏழு குண்டு மிச்சம். வெளிநாட்டுக்காரன் தாராளமா ஸ்பேர் போட்டு அனுப்பிருக்கான்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்.

மெஷின் ஓடுச்சு. வெளிய வந்த தோல் மேல ஃபோர்மேன் கைய வச்சுத் தடவினாரு. மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.

"இன்னாயா இது, தோலா கடலா?"

உண்மைய சொல்லிட்டேன். அவரு திட்டல. கொட்டினது எப்படி ஜாஸ்தியாகும்னு மட்டும் கேட்டாரு. வெளியிலிருந்து குண்டு கொண்டாந்தது பாய் ஒருத்தருதான். மறுநாள் பாய் கடைய விசாரிச்சுக்கினு போனேன்.

அவரு டீ வரவழைச்சாரு. "கம்மியாப் போச்சுன்னா உனக்கு பேஜார் ஆய்டுமேன்னு, சைக்கிள் கடைல பத்து வாங்கிக் கலந்தேன் தோஸ்த். அதுவும் குண்டு, இதுவும் குண்டு. இன்னா வித்தியாசம்?"

கோவப்பட முடியல. டீயக் குடிச்சுட்டு வந்தேன்.

வித்தியாசம் மயிரிழைல பத்துல ஒரு பங்கு. ஒவ்வொரு குண்டா மைக்ரோமீட்டர்ல வச்சு அளந்து பொறுக்கச் சொன்னாரு ஃபோர்மேன். ரெண்டு நாள். போறவன் வர்றவனெல்லாம் நின்னு வேடிக்கை பாத்தான். அரிசில கல்லு பொறுக்குற மாதிரி பத்தையும் பொறுக்கினேன். மூணு குண்டு கம்மிதான். மெஷின் கண்டுக்கல. ஆர்டரும் போய்ச் சேந்துச்சு.

அடுத்த பார்சலுக்கு வாட்ச்மேனை அனுப்பினாங்க. உள்ள இன்னா இருக்குதுன்னு அவருக்கு எதுவுமே தெரியாது. அதனால அது பத்திரமா வந்து சேந்துச்சு.