மண்வீட்டு வல்லுநர் செம்மலை

கொன்னைவயல் செம்மலை சிமெண்டு வீடு கேட்டு எழுதிப்போட்ட மனுவுக்கு அந்தச் சித்திரையோடு பதினோரு வயசு. பிள்ளையாகப் பிறந்திருந்தால் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும். மனுவாகப் பிறந்துவிட்டதால் ஒரே மேசையில் படுத்துக் கிடந்தது.

அலுவலகத்தாரைக் குறை சொல்வதற்கில்லை. வருசம் தவறாமல் உரிய கவனத்தோடு பரிசீலித்துத்தான் வந்தார்கள். "வீடற்றோருக்கே வீடு. மனுதாரருக்கு மண்வீடு இருப்பதால் தகுதியில்லை" என்று ஆரம்பத்தில் எழுதினார்கள். அதற்கு முந்தின ஐப்பசி அடைமழையில் வடக்குச் சுவர் சரிந்து, ஒண்டி நின்ற இரண்டு கிடாய்கள் செத்துப்போயின. செம்மலை ஓடிப்போய் அதைச் சொன்னான். "இடிந்த வீட்டில் ஒருவர் வசிக்க இயலாது. வசிக்காத ஊரில் வீடு வழங்க விதியில்லை" என்று பதில் வந்தது.

செம்மலை புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஐம்பது வயசு ஆகிவிட்டது. இடிந்த சுவரை அவனே மறுபடி எழுப்பினான். மண் பூச அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவன் பொண்டாட்டி சோணையம்மாள் அந்தச் சுவரோரம் பாய் விரிக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"செவரு விழுகுறப்ப ஆடா ஆளான்னு பாத்து விழுகாது. போயி அந்த ஆபீசுல உக்காருங்க. வீடு வாங்காம வராதீக" என்றாள்.

உட்கார்ந்தான். பன்னிரண்டாவது தடவை போனபோது, கோப்பு மேலே போய்விட்டது, ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஆகாஷ் வந்து இறங்கினான். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, தாடி வளர்த்துக்கொண்டு, செம்மலை வீட்டுக்குப் பக்கத்து நிலத்தை வாங்கியிருந்தான்.

"எல்லாமே நம்ம கையாலயே பண்ணணும் அண்ணா. வீடு, சோப்பு, செருப்பு, எல்லாம். வெளியிலேர்ந்து எதையுமே வாங்கக் கூடாது" என்றான்.

வெளியிலிருந்து எதையும் வாங்காமல் வாழ்வதற்கு வேண்டிய சாமான்கள் காரைக்குடியிலிருந்து தினமும் கூரியரில் வந்தன. சிரட்டைக் கரண்டி வந்தது. வறட்டி வந்தது, பிளாஸ்டிக் உறையில். கொன்னைவயல் சனம் ஒரு பெட்டி விடாமல் கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

"நம்ம கை" என்று ஆகாஷ் சொன்னது செம்மலையின் கையை. ஆலை இல்லாத நாளெல்லாம் செம்மலை அங்கே மண் மிதித்தான். புதுவயலிலிருந்து உமி கொண்டுவந்து கலந்தான். படைபடையாகச் சுவர் வைத்தான். இடுப்புயரம் வந்ததும் ஆகாஷ் செல்போனை நட்டுவைத்துவிட்டு வந்து நின்றான்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க அண்ணா. வீடியோல நீங்க தெரியறீங்க."

"செவரு ஈரமா இருக்கு தம்பி. கைய எடுத்தா சரிஞ்சுபோகும்."

"அப்ப கை மட்டும் தெரியட்டும்."

அந்த வீடியோவில் ஆகாஷுக்கு நாலு கை இருந்தது. ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒருத்தரும் எண்ணிப்பார்க்கவில்லை.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரெல்லாம் முட்டை பூசியது என்று ஆகாஷ் எங்கேயோ படித்திருந்தான். முந்நூறு நாட்டுமுட்டையை மஞ்சள் கருவைக்கூடப் பிரிக்காமல் உடைத்துச் சுவரில் ஊற்றினான். மூன்றாம் நாள் ஊர் நாய்கள் மொத்தமும் ஓர் உடும்பும் வந்து வீட்டைப் பார்வையிட்டுப் போயின.

அதற்கடுத்துப் பார்வையிட வந்தவர் வீரபாண்டியன். மரபு வாழ்வியல் மேம்பாட்டுப் பிரிவின் சிறப்பு அலுவலர். புரட்டாசியில் ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கி, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே சுவரைத் தடவி நெகிழ்ந்தார். ஆகாஷுக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு செம்மலையைக் கூப்பிட்டார்.

"உன் மனு பாஸாயிருச்சுய்யா. திங்கக்கிழமை."

செம்மலை கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"செவ்வாக்கிழமை ரத்தாயிருச்சு. கொன்னைவயல இப்ப மரபு வாழ்வியல் கிராமமா அறிவிச்சிருக்கோம். இனிமே இங்க ஒரு சட்டி சிமெண்டு கொழைக்கக் கூடாது."

"சார், போன மழைக்கு ரெண்டு கிடாயி செத்துப்போச்சு."

"மரபுப்படி செத்திருக்கு. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பெருமையா இல்ல?"

சோணையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சார் வீடு எங்குட்டு இருக்கு?" என்றாள்.

"காரைக்குடில. மூணு மாடி."

"மண்ணுங்களா?"

"எங்கேம்மா! டைல்ஸ் போட்டுத் தொலைச்சுட்டோம். எங்களுக்குத்தான் குடுத்துவைக்கல. நீங்களாவது அனுபவிங்க."

ஐப்பசி பிறந்தது. ஆகாஷின் வீட்டுக் கூரை சுவரைத் தாண்டி ஒரு சாண்கூட நீளவில்லை. நீட்டி விடுங்க தம்பி, சாரல் அடிக்கும் என்று செம்மலை எவ்வளவோ சொல்லியிருந்தான். பார்க்க எடுப்பாக இருக்காது என்று ஆகாஷ் வெட்டச் சொல்லிவிட்டான். மூன்று நாள் மழையில் தெற்கு மூலை கரைந்து கட்டிலுக்கு வந்தது. நாலாம் நாள் ஆகாஷ் காரைக்குடியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறினான். அங்கிருந்தபடியே மண்வீட்டு வாழ்க்கையைப் பற்றி ஆன்லைனில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தான்.

சிக்கல் வீரபாண்டியனுக்குத்தான். தையில் தலைநகரத்திலிருந்து பார்வைக் குழு வருகிறது. கிராமம் இருக்கிறது, மரபு இருக்கிறது, காட்டுவதற்கு ஆள் இல்லை. கார்த்திகையில் அவர் செம்மலை வீட்டுக்கே வந்தார்.

"உன்னைய மரபு வாழ்வியல் வல்லுநரா நியமிக்கப் போறேன். அடையாள அட்டை, மாசச் சம்பளம், கைவச்ச நாற்காலி எல்லாம் உண்டு. ஒரே ஒரு தகுதி வேணும். மண்வீடு கட்டத் தெரியும்னு சான்றிதழ்."

"யாருகிட்ட சார் வாங்குறது?"

"ஆகாஷ்கிட்ட."

செல்போனிலேயே தேர்வு நடந்தது. திரையில் ஆகாஷ் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மண்ணு எப்படிப் பிசையணும்னு சொல்லுங்க அண்ணா."

செம்மலை யோசித்தான். "நீங்க வீடியோவுல எப்புடிப் பிசைஞ்சீகளோ, அப்புடித்தான் தம்பி."

"கரெக்ட்" என்றான் ஆகாஷ்.

சான்றிதழ் வந்தது. செம்மலை மூட்டை தூக்குவதை விட்டான். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சம்பளப் பாக்கி வாங்க ஆலைக்குப் போனபோது, இத்தனை வருசம் "ஏலேய்" என்று கூப்பிட்ட மேஸ்திரி "வாங்க சார், டீ சாப்பிடுறீகளா?" என்றார். அந்த டீயை செம்மலை அரைமணி நேரம் குடித்தான்.

வல்லுநருக்கு முதல் வேலையாக ஏழு மனுக்கள் வந்தன. ஊரில் சிமெண்டு வீடு கேட்டவர்களெல்லாம் ரத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்திருந்தார்கள். சிமெண்டு தேவையா, தேவையில்லையா என்று வல்லுநர் கருத்து எழுத வேண்டும். முதல் மனு செம்மலையினுடையது. சோணையம்மாள் அவன் பேரில் போட்டு, முந்தின மாதம் அவனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள்.

"தேவைன்னு நீ எழுதுனா வீடு வந்துரும். தடையில்ல" என்றார் வீரபாண்டியன். "ஆனா சிமெண்டு வீட்டுல குடியிருக்கிறவன் எப்படிய்யா மண்வீட்டு வல்லுநரா இருக்க முடியும்?"

செம்மலை நாற்காலியின் கைகளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிடரி மூட்டை இல்லாமல் லேசாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, வீரபாண்டியன் சொல்லச் சொல்ல எழுதினான்: "மனுதாரர் மண்வீட்டில் மனநிறைவோடு வாழ்ந்து வருவது நேரில் கண்டறியப்பட்டது. பரிந்துரைக்கப்படவில்லை."

தனக்கு எழுதியபின் மற்ற ஆறு பேருக்கும் எழுதுவது சிரமமாக இல்லை.

மறுநாள் காலையில் ஊரே திரண்டு வந்தது. முன்னால் அக்கம்மாள் விளக்குமாறோடு நின்றாள். அவளுடைய மனுவும் அந்த ஏழில் ஒன்று. செம்மலை எழுந்து நாற்காலியைக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஏன் செம்மலை, ஒனக்கு மட்டுந்தான் மரபு தெரியுமாக்கும்?" என்றாள் அக்கம்மாள். "சாணி மெழுகுறதுல என்னைய அடிச்சுக்க இந்த ஊருல ஆளு கெடையாது. விளக்குமாறும் நானே கட்டுனது, பாரு. என்னையும் வல்லுநராப் போடச் சொல்லு."

கூட்டம் நெருக்கியது. ஒருத்தன் கயிறு திரிப்பேன் என்றான். ஒருத்தன் கோவணம் கட்டுவேன் என்றான். அழகு என்பவனுக்கு மரத்தடியில் தூங்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதையே எழுதிக்கொள்ளச் சொன்னான். செம்மலை எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டான். சிமெண்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

சோணையம்மாள் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. மிச்சமிருந்த ஆடுகளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மூட்டையோடு வந்து நின்றாள்.

"மனுதாரரு மனநிறைவா இருக்காராம்ல. இருக்கட்டும். மனுதாரரு பொண்டாட்டி காளையார்கோவிலுக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறா. அங்க மேல காங்கிரீட்டு."

ஆட்டோ போகும்வரை செம்மலை தலை நிமிரவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தையில் பார்வைக் குழு வந்தது. ஊர் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, டிவி பெட்டிமேல் சாக்கைப் போர்த்திவிட்டு, மரபாக நின்றார்கள். குழுவில் ஓர் அம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு செம்மலையிடம் வந்தார்.

"வீட்ல உங்க மனைவி இல்லையா?"

வீரபாண்டியன் இருமினார். செம்மலை கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டான்.

"பருவகால இடப்பெயர்வுங்க" என்றான். "மழை வந்தா பொம்பளைக பொறந்த வீட்டுக்குப் போயிருவாக. நம்ம மரபு."

அந்த அம்மாள் சிலிர்த்துப்போய் அதை எழுதிக்கொண்டார். குழுவினர் கை தட்டினார்கள். "இத ஏய்யா இத்தன நாளா சொல்லல?" என்று வீரபாண்டியன் செம்மலையின் காதைக் கடித்தார்.

இரண்டே மாதத்தில் அரசாணை வந்துவிட்டது. கொன்னைவயல் மகளிர் அனைவரும் ஆண்டுதோறும் ஐப்பசி முதல் நாள் தத்தம் பிறந்த வீடுகளுக்கு இடம்பெயர்ந்து மரபைப் பேண வேண்டும். திரும்பி வர விரும்புவோர் உரிய படிவத்தில் வல்லுநருக்கு மனுச் செய்ய வேண்டும்.

போன ஐப்பசியில் ஆணை அமலுக்கு வந்தது. அக்கம்மாள் உட்பட அத்தனை பெண்களும் ஒரே பஸ்சில் கிளம்பிப் போனார்கள். இப்போது மாசி நடக்கிறது. செம்மலை தினமும் பத்து மணிக்கு நாற்காலியைப் போட்டு, படிவக் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறான்.

இதுவரை ஒரு மனுவும் வரவில்லை.