சுப்பம்மாவுக்கு ஒரு நல்ல நிலை

மந்தைவெளி,
வியாழக்கிழமை காலை.

கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடுவதில் பேர் வாங்கியவரும், என் மனைவி தேவானைக்கு மூத்தவரும், என் மதிப்புக்குரிய மச்சானுமாகிய டில்லிபாபு அவர்களுக்கு, பொன்னுரங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நான், தேவானை, உங்கள் மருமகள் அனுப்ரியா, விருந்தாளி சுப்பம்மா, சுப்பம்மாவின் ஆடு ஆகிய ஐவரும் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள். உங்கள் போன் மட்டும் சௌக்கியமாக இல்லை என்று நினைக்கிறேன். அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் ஒரு மனிதன் பதிவுத் தபால் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

விஷயம் நீங்கள் அனுப்பிய கதவைப் பற்றியது. ஆனால் உங்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும், முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அனுப்ரியாவுக்கு இது ஆர்க்கிடெக்சரில் நாலாம் வருஷம். இந்த வருஷம் காகிதத்தில் கோடு போட்டால் போதாதாம். கிராமத்தில் ஓர் ஏழைக்கு நிஜமாகவே குறைந்த செலவில் வீடு கட்டித் தர வேண்டுமாம். மதுராந்தகத்துக்கு அப்பால் புளியங்கண்டிகை என்ற ஊரில் சுப்பம்மா அகப்பட்டாள். அகப்பட்டாள் என்பதைத் தெரிந்துதான் எழுதுகிறேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை, சொந்தமாக ஓர் ஓலைக் குடிசை, அதற்கு ஒரு தகரக் கதவு. கதவு இருந்தது, மச்சான், அதைக் கவனியுங்கள். அனுப்ரியாவின் வகுப்புப் பிள்ளைகள் போன முதல் நாளே குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, தகரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, 'சைட் கிளியர்' என்று குரூப்பில் படம் போட்டார்கள். படத்தின் ஓரத்தில் சுப்பம்மா சட்டிபானைகளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நானும் பெருமையாக அதற்கு ஒரு லைக் போட்டேன்.

கட்டுவதற்கு முன்னால் பயனாளியின் மனதை அறிய வேண்டும் என்பது விதியாம். அனுப்ரியா போனை முன்னால் நீட்டி, "உங்களுக்கு வீடுன்னா என்னம்மா?" என்று கேட்டிருக்கிறாள். சுப்பம்மா, "எனுக்கு இன்னாம்மா பெருசா? ஒரு நல்ல நிலை வேணும். அது கெட்டியா இருந்தா போதும், மத்தது எப்டி இருந்தா இன்னா?" என்று சொல்லியிருக்கிறாள். நீங்களும் நானும் நிலை என்றால் கதவு மாட்டுகிற மரச்சட்டம் என்று அறிந்தவர்கள். மஞ்சள் குங்குமம் இட்டு, நல்ல நேரம் பார்த்து நிலை வைக்காத வீட்டில் ஒருத்தனும் பால் காய்ச்ச மாட்டான். ஆனால் ஃப்ளாட்டில் பிறந்து, தமிழைப் பத்தாம் வகுப்போடு கைகழுவி, பிரெஞ்சு எடுத்துப் படித்த என் மகளுக்கு நிலை என்றால் ஸ்டேட்டஸ். 'பயனாளி சமூகத்தில் உறுதியான நல்ல நிலையை விரும்புகிறார், வீட்டைப் பற்றி அவருக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை' என்று வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். கேட்ட இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

அதோடு விட்டதா? சுவர் எழும்பும்போது கொத்தனார் வந்து, "பாப்பா, நிலை இன்னா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். இவள், "நிலை சூப்பரா இருக்குண்ணா, ஷெட்யூல்படிதான் போய்ட்டிருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். சரி, பட்டணத்திலிருந்து நல்ல தேக்கு நிலை ஏதோ வந்துகொண்டிருக்கிறது போல என்று அந்த மனுஷன் நம்பி, வாசலுக்கு இடம் விட்டுக் கட்டி, மேலே கூரையும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நிலை வரவில்லை. செமஸ்டர்தான் முடிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், மற்ற வேலையெல்லாம் நன்றாகவே செய்திருந்தார்கள். செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய சுவர், வெயில் உள்ளே தாக்காது. ஓட்டுக் கூரை, காற்று ஜிலுஜிலுவென்று வருகிறது. ஊர் நாய்கள் இதை முதலில் கண்டுபிடித்தன. மத்தியானமானால் அவை நடுவீட்டில் படுக்க, சுப்பம்மா பழையபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். வாசலில் பழைய புடவை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்தப் புடவை போட்டோவில் அசிங்கமாக விழுகிறது என்று பிள்ளைகள் படம் எடுக்கும்போதெல்லாம் அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள்.

நான் பொறுக்கமாட்டாமல் இவர்களுடைய புரொபசருக்குப் போன் அடித்தேன். சூர்யா சார் என்று பேர், கதர் ஜிப்பா, சின்ன வயது, கோபமே வராத குரல். "சார், வீட்டுக்குக் கதவு வைக்க மறந்துட்டீங்க" என்றேன். அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது போல, "கதவா?" என்றார். பிறகு, "கதவுன்றது ஒரு மைண்ட்செட் சார். உள்ள, வெளிய அப்படின்ற பிரிவையே நாங்க கேள்வி கேக்கறோம்" என்றார். திருவான்மியூரில் அவர் வீட்டுக்கு நான் ஒருதரம் போயிருக்கிறேன். கீழே செக்யூரிட்டியிடம் கையெழுத்து, லிஃப்டுக்கு ஒரு கார்டு, வாசலில் விரல் வைத்தால் திறக்கிற பூட்டு. அங்கே அவர் எதையும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. மறுநாளே வீட்டுக்கு 'வெளி' என்று பெயர் வைத்து, கதவில்லாத வீடு என்று எழுதி, ஏதோ பரிசுக்கு அனுப்பிவிட்டார். பரிசும் கிடைத்துவிட்டது, மச்சான்!

விழா அடையாறில் ஏசி ஹாலில் நடந்தது. சுப்பம்மாவை வேனில் அழைத்து வந்து மேடையேற்றி, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். சுப்பம்மா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் கீது. நிலை எப்ப வெப்பீங்க?" என்றாள். தொகுப்பாளினி உருகிப்போய் அதை இங்கிலீஷில், 'எங்கள் நிலை எப்போது உயரும்?' என்று மொழிபெயர்த்தாள். ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. பரிசு கொடுத்த ஜூரி அம்மாள் ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கைதட்டல் அடங்கிய பிறகும் சுப்பம்மா பதிலுக்காக மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பதில் வரவில்லை என்று தெரிந்ததும் கீழே இறங்கி, நேராக நாங்கள் வீடு திரும்பப் பிடித்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "நிலை வெச்சதும் சொல்லு பாப்பா, போறேன்" என்றாள். மறுநாள் பிள்ளைகள் மனிதாபிமானத்தோடு ஆட்டையும் கொண்டுவந்து விட்டார்கள்.

சுப்பம்மா நல்லவள்தான், ஆனால் லேசான விருந்தாளி இல்லை. என் காபியில் டிகாஷன் போதாது என்கிறாள், தேவானை பார்க்கிற சீரியலை மாற்றி வேறு சீரியல் வைக்கிறாள், குறட்டை விடுவதில் எனக்கே சவால். ஆடு டைனிங் டேபிளில் இருந்த பரிசு வீட்டின் அட்டை மாடலைக் கூரையிலிருந்து தொடங்கி அஸ்திவாரம்வரை தின்றுவிட்டது. மகள் அழுதாள். அந்த வீட்டால் முழுசாகப் பயனடைந்த முதல் ஜீவன் அதுதான் என்று நான் சொன்னதால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சுப்பம்மாவுக்கு இந்தக் கட்டிடத்திலேயே பிடித்தது லிஃப்ட். "தோ பாரு சார், இத்துனூண்டு ரூம்பு, ஆனா கதவு தானா சாத்திக்கினு தானா தொறக்குது. இந்தப் புள்ளைங்களுக்கு இத மாதிரி கட்டத் தெரியாதா?" என்று கேட்டாள். அசோசியேஷன் செக்ரட்டரி ஆட்டை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். ஆடு அதையும் தின்றது.

இந்த நிலைமையில்தான் உங்களிடம் ஒரு கதவு கேட்டேன். நீங்களும் சும்மா சொல்லக் கூடாது, மறுநாளே நிலையோடு அனுப்பினீர்கள். என்ன கதவு! யானை, அன்னப்பட்சி, வளையத்தைக் கடித்துக்கொண்டிருக்கிற சிங்க முகம். ஜமீன்தார் படத்துக்கு நீங்கள் போட்ட செட் என்று தெரியாத ஊர்க்காரர்கள் புளியங்கண்டிகையில் கூட்டமாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய கதவை இரண்டு பையன்கள் ஒற்றைக் கையில் தூக்கி வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சுப்பம்மா கற்பூரம் காட்டி, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு, அடுத்த நொடியே அலறிக்கொண்டு வெளியே வந்தாள். போய்ப் பார்த்தால், கதவின் பின்பக்கத்தில் கறுப்புக் கம்பி வரைந்து, நடுவில் சாப்பாட்டுத் தட்டு நீட்டுகிற ஓட்டையும் வைத்து, மேலே 'கைதிகளுடன் பேசக் கூடாது' என்று எழுதியிருந்தது. ஒரே பலகையில் இரண்டு படத்துக்கு வேலை முடிக்கிற உங்கள் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் வெளியே ஜமீன் பங்களா, உள்ளே மத்திய சிறை என்று ஒரு பெண்பிள்ளை எப்படிக் குடித்தனம் நடத்துவாள்? "நான் இன்னா தப்பு பண்ணேன் சார்?" என்று கேட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் யானை ஊறி, அன்னம் உரிந்து, சிங்கம் தாடை கழன்று கீழே விழுந்தது. மிச்சத்தை ஆடு முட்டியது. முட்டிய வேகத்தில் ஆடு அந்தப் பக்கம் போய்விட்டது. இருவரும் மறுபடி மந்தைவெளிக்கு வந்துவிட்டார்கள்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிற விஷயம் இல்லை. அனுப்ரியா காலேஜிலிருந்து வந்து, உடை மாற்ற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே வந்ததும் சுப்பம்மா, கோபமாகக்கூட இல்லை, சும்மா கேட்கிற மாதிரி, "பாப்பா, நீ கதவ சாத்திக்கினுதான துணி மாத்துற? நான் அங்க எப்டி மாத்துவேன்னு நீ நெனச்ச?" என்றாள். என் மகள் மைண்ட்செட் என்றுகூடச் சொல்லவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். எனக்கு அவளைத் திட்டவும் மனசு வரவில்லை, சுப்பம்மாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

ஆகவே மச்சான், என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நிஜக் கதவு வேண்டும். மரத்தில் செய்தது, இரண்டு பக்கமும் கதவாகவே இருப்பது, தட்டினால் டொக்கென்று சத்தம் வருவது. நிலை வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும். இல்லாவிட்டால் சுப்பம்மாவையும் ஆட்டையும் உங்கள் கோடம்பாக்கம் வீட்டில் கொண்டுவந்து விடுவேன், இது சத்தியம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் போடுகிற செட்டெல்லாம் படம் முடிந்து பூசணிக்காய் உடைக்கிறவரை சாயாமல் நிற்க வேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பொன்னுரங்கம்.

பின்குறிப்பு (வியாழன் சாயங்காலம்): மேலே எழுதியதெல்லாம் ரத்து. சுப்பம்மாவுக்குக் கதவு வேண்டாம். எனக்குத்தான் வேண்டும். காலையில் இந்தக் கடிதத்துக்கு உறை வாங்கப் போனேன். தபால் நிலையத்தில் பென்ஷன்காரர்கள் வரிசை, நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் எங்கள் ஃப்ளாட்டுக்கு வாசல் கதவைக் காணோம். கதவை மட்டுமா, நிலையோடு பெயர்த்திருந்தது. சுவரில் பெரிய ஓட்டை, உள்ளே தேவானை நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி இது?" என்று கத்தினேன். "பாப்பா கொத்தனார இட்டாந்து கயட்டிக்கினு போச்சு. டேப்ப வெச்சி ரெண்டு வாட்டி அளந்துச்சு. குட்டி யானை வண்டில ஏத்தறதுக்கு நான்தான் கை குடுத்தேன். சுப்பம்மாவும் ஆடும் அதுலயே ஏறிப் போயிட்டாங்க" என்றாள். நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்பதும், கதவு வீட்டுக்காரருடையது என்பதும் உங்களுக்குத் தெரியும். செக்ரட்டரி மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். மூன்றாவது முறை உள்ளே வந்து பேப்பரும் படித்துவிட்டுப் போனார்.

இப்போதுதான் அனுப்ரியா வீடியோ காலில் வந்தாள். நிலைக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள், மாவிலை கட்டியிருந்தார்கள். எங்கள் கதவு அந்த வீட்டுக்கு என் கண்ணுக்கே பொருத்தமாகத்தான் இருந்தது. சுப்பம்மா உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. சூர்யா சார் கேமராவோடு வந்து கதவைத் தட்டினார்.

"யாருபா அது?" என்றாள் சுப்பம்மா உள்ளேயிருந்து.

"நான்தாம்மா, சூர்யா. உள்ள ஒரு போட்டோ எடுக்கணும்."

"இப்ப முடியாது. அப்பால வா."

அனுப்ரியா போனைக் கீழே வைக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சூர்யா சார் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்.