இரண்டு பெண்களைச் சுற்றிய தபால்காரர்

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் சாமியார் திசையானந்தர் குடியேறிய நாளிலிருந்து அந்தத் தெருவில் யாரும் எதையும் தேடுவதில்லை. தேடும் வேலையை மொத்தமாக அவரிடம் விட்டுவிட்டார்கள். தொலைந்த செல்போன், சொல்லாமல் போன மகன், ஒரு இடம் சொல்லிவிட்டு வேறு இடம் போன மாப்பிள்ளை, எதுவும் அவர் பார்வைக்குத் தப்பாது. வரிசை மாடிப்படியில் இறங்கி, கடையைச் சுற்றி, பேருந்து நிறுத்தம் வரை நீளும். கடைக்குள் பார்வை மங்கியவர்கள். வரிசையில், பார்வை நன்றாக இருந்தும் உபயோகிக்காதவர்கள்.

முறை மிகவும் எளிது. யாரைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அவருடைய போனை முதலில் ஒருமுறை ஆசிக்குக் கொண்டுவர வேண்டும். பூட்டைத் திறந்து தரவேண்டும். "பூட்டின வீட்டுக்குள்ள ஆசி எப்படிம்மா போகும்?" என்பார் டோக்கன் கொடுக்கும் அம்மாள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கக்கூட யோசிப்பவர்கள், போனைத் திறந்து பட்டுப்பையில் போட்டுக் கொடுப்பார்கள். பை உள்ளறைக்குப் போகும். பத்து நிமிடத்தில் பன்னீர் வாசனையோடு திரும்பி வரும். ஆசி பெறாத போனும் அதை வைத்திருப்பவரும் ஐயாவின் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள். அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. 'எங்கே' என்று கேட்பதற்கே அவ்வளவு நீள வரிசை. 'ஏன்' என்று கேட்க அங்கே வரிசையே கிடையாது.

அப்புறம் கலசம். ஒரு தலை நுழையும் அளவுக்கு வாய் அகன்ற பித்தளைக் கலசம். விளக்கை அணைப்பார்கள். ஐயா கலசத்துக்குள் குனிவார். உடனே அவர் முகத்தில் ஒரு நீல ஒளி படரும்.

"தேஜஸ்!" என்று கூட்டம் மெய்சிலிர்க்கும். இதே ஒளி தங்கள் பிள்ளையின் போர்வைக்குள்ளிருந்து வந்தால் முதுகில் இரண்டு வைக்கிற பெற்றோர்தான் அத்தனை பேரும்.

அந்த வரிசையில் கணக்கு டீச்சரும் நின்றார் என்பதுதான் விசேஷம். பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'நிரூபி டீச்சர்' என்று பெயர். முக்கோணத்துக்கு மூன்று பக்கம் என்று சொன்ன மாணவனைக்கூட, "எப்படிச் சொல்றே? நிரூபி" என்று நிற்கவைத்தவர். அவருடைய வீட்டுக்காரர் தபால்காரர். ஊரில் எவருடைய விலாசத்தையும் கண்டுபிடித்துவிடுகிற மனிதருக்கு, ஆறு வாரமாக வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல் விலாசம் இல்லை. கேட்டால், "ஆபீஸ்ல வேலை" என்றார். ஆபீஸில் கேட்டால், "அவர் அப்பவே கிளம்பிட்டாரே" என்றார்கள். வீடு திரும்பும்போது சட்டையெல்லாம் புழுதி. முழங்காலில் சிராய்ப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில் டீச்சர் போனை எடுத்துக்கொண்டு ஓடினார். கடவு எண் அவர்களுடைய கல்யாணத் தேதிதான். தேதி மறந்துபோய் வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று தபால்காரர் வைத்தது.

அடுத்த வியாழன் நாலேகாலுக்கு ஐயா கலசத்துக்குள் குனிந்தார். முகம் நீலமானது.

"ஒரு பொட்டல் வெளி தெரிகிறது, மகளே. உன் கணவன் சுற்றுகிறான். வட்டமாகச் சுற்றுகிறான். அந்த வட்டத்தை விட்டு விலகி, எதிர்ப்பக்கமாக இன்னொரு வட்டம் சுற்றுகிறான். மறுபடியும் முதல் வட்டத்துக்கே வருகிறான்."

"வட்டத்துக்கு நடுவுல என்ன ஐயா இருக்கு?"

ஐயா கண்ணை மூடினார். கண்ணை மூடினால் அவருக்குக் கற்பனை நன்றாக வரும். "பெண். இரண்டு வட்டம், இரண்டு பெண்கள்."

டீச்சர் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, அந்தத் துரோகத்தின் பாதையை வரைந்துகொண்டார். வட்டம், அதன்மேல் ஒட்டினாற்போல் இன்னொரு வட்டம். இருபது வருடமாகக் கரும்பலகையில் அதை வரைகிறவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. நம்பிக்கை வந்துவிட்டால் கணக்கு மறந்துவிடும்போலிருக்கிறது.

நாத்தனார் வந்தபோது டீச்சர் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நாத்தனாருக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடை.

"எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?"

"எங்கம்மா வீட்டுக்கு. உங்க அண்ணனுக்கு ஒண்ணு பத்தலை. ரெண்டு வேணுமாம்."

"எங்க அண்ணனுக்கா? சலூன்ல எந்த நாற்காலியில உட்காரணும்னே அது பத்து நிமிஷம் யோசிக்கும். அது ரெண்டு பேரை வச்சு சமாளிக்குமா?"

"நீ உன் அண்ணனுக்குத்தான் பேசுவே." டீச்சர் காகிதத்தை எறிந்தார். நாத்தனார் அதை நேராகப் பார்த்தாள். தலைகீழாகப் பார்த்தாள். பிறகு சோபாவில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. அண்ணனோட போனை அவருகிட்ட சொல்லிட்டா எடுத்துட்டுப் போனீங்க?"

"சொல்லிட்டுப் போனா அது துப்பா?"

"சொல்லாம போனா அது திருட்டு அண்ணி. ஒருத்தர் எங்க இருக்கார்னு அவருக்குத் தெரியாம பார்க்கிறது சட்டப்படியே தப்பு. சரி, ஒரு பந்தயம். அடுத்த வியாழன் வரைக்கும் இருங்க. சாமியார் அண்ணனைச் சரியா கண்டுபிடிச்சுட்டா, இந்தப் பெட்டியை நானே உங்கம்மா வீடு வரைக்கும் தூக்கிட்டு வரேன். தப்பாச் சொன்னா, நீங்க அண்ணன்கிட்ட நேரா கேட்கணும். 'ரெண்டு பேரு யாரு'ன்னு இல்ல. 'எங்க போறீங்க'ன்னு."

டீச்சர் ஒப்புக்கொண்டார். திறந்த பெட்டி ஒரு வாரம் கூடத்திலேயே கிடந்தது. தபால்காரர் அதைப் பள்ளிச் சுற்றுலா என்று நினைத்து, தன் பங்குக்கு ஒரு குடையை உள்ளே வைத்தார்.

வியாழன். மாடியில் மூச்சுவிட இடமில்லை. முன் வரிசையில் டீச்சரும் நாத்தனாரும். பின்னால், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்தது. முகம் நீலமானது.

"பூங்காவில் இருக்கிறான். வேகமாகப் போகிறான். ஒரு விளக்குக் கம்பத்தருகே நிற்கிறான். அடுத்த கம்பம். அங்கேயும் நிற்கிறான். அதற்கடுத்த கம்பத்திலும் நிற்கிறான்."

"கம்பத்துகிட்ட நின்னு என்ன ஐயா பண்றார்?" என்றாள் நாத்தனார்.

"அவளுக்காகக் காத்திருக்கிறான்."

"எல்லாக் கம்பத்துலயுமா?"

"ஏக்கம், தாயே. இதோ, இந்தத் தெருவுக்கே வந்துவிட்டான். கறிக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டான். அசையவில்லை. உள்ளே ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறான்."

"நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டா?"

"ஆம்! உனக்கும் தெரிகிறதா?"

டீச்சர் கர்ச்சீப்பை எடுத்தார். நாத்தனார் போனை எடுத்தாள். "ரொட்டிக்கடை அண்ணே, கூட்டிட்டு மேல வாங்க."

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. ரொட்டிக்கடைக்காரரை இழுத்துக்கொண்டு அவருடைய பழுப்பு நாய் உள்ளே நுழைந்தது. அதன் கழுத்துப்பட்டையில் ஒரு சின்னப் பை. பைக்குள் தபால்காரருடைய செல்போன்.

"இதோ வந்துட்டார் அண்ணி, ஐயா சொன்ன உங்க வீட்டுக்காரர்" என்றாள் நாத்தனார். "அண்ணே, ஹெல்மெட்டைக் கழட்டு."

சுவரோரம் ஹெல்மெட் கழன்றது. உள்ளே தபால்காரர்.

கூட்டம் நாயைப் பார்த்தது. தபால்காரரைப் பார்த்தது. ஐயா மட்டும் அசரவில்லை. "உடல் இங்கே இருக்கிறது. மனம் அங்கே அலைகிறது" என்றார். நம்பமாட்டீர்கள், ஏழெட்டுத் தலைகள் ஆமாம் என்று ஆடின.

நல்லவேளை, நாய் தத்துவம் கேட்கிற ஜாதியில்லை. அதற்குத் தபால்காரரைத் தெரியும். போன வருடம் இரண்டு முறை கடித்திருக்கிறது. கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. தபால்காரர் ஐயாவின் பின்னால் ஓடி ஒளிந்தார். நாய் ஐயாவைத் தாண்டியது. கலசம் உருண்டது. அதிலிருந்து நீல ஒளி தரையில் வழுக்கிக்கொண்டு வந்து டீச்சர் காலடியில் நின்று, இனிமையான பெண் குரலில் பேசியது:

"நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."

டீச்சர் அதை எடுத்தார். திரையில் ஊர் வரைபடம். அதில் ஒரு புள்ளி, மேலே 'திசை 112' என்று பெயர். நாய் மேசையைச் சுற்றியது. புள்ளி துடித்தது.

"நிரூபிச்சாச்சா டீச்சர்?" என்றாள் நாத்தனார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பட்டுப்பையில போட்டுக் குடுத்தீங்களே, அந்தப் பத்து நிமிஷத்துல நடந்தது இதுதான். அந்த போன் இருக்கிற இடத்தை இவரோட போனுக்குக் காட்டச் சொல்லி அமைச்சிருக்காங்க. அமைப்புகளைத் திறங்க. யாருக்கெல்லாம் இடம் தெரியுதுன்னு பாருங்க."

அறையெங்கும் திரைகள் ஒளிர்ந்தன. இப்போது எல்லோருக்கும் தேஜஸ்.

"எனக்கு திசை நாப்பத்தேழு!"

"எனக்கு எண்பத்தொண்ணு. என் போனை நான் ஆசிக்குக் குடுக்கவே இல்லையே! ஏண்டி, நீயும் வந்தியா இங்க?"

"நீங்க மட்டும் எதுக்கு வந்தீங்களாம்?"

இந்த அமளியில் ஐயா வாசலுக்கு நழுவினார். "யோவ், என் செருப்பு எங்கய்யா?" என்று சுத்தமான பேச்சுவழக்கில் கத்தினார். நூறு ஜோடிக்கு நடுவில் தன் ஒரு ஜோடியைக் கண்டுபிடிக்க முடியாமல் அவர் தடவிக்கொண்டிருந்தபோது நாத்தனார் முன்பே சொல்லி வைத்திருந்த போலீஸ் வந்துவிட்டது.

பந்தயம் பந்தயம்தான். நாய்க்குப் பயந்து மேசைமேல் ஏறி நின்ற கணவரிடம் டீச்சர் கேட்டார்: "என்னங்க, வியாழக்கிழமை எங்க போறீங்க?"

"டிரைவிங் ஸ்கூலுக்கு." தபால்காரர் கீழே குரைக்கும் நாயைப் பார்த்தபடி சொன்னார். "இனிமே சைக்கிள் கிடையாதாம், ஸ்கூட்டராம். மாசக்கடைசிக்குள்ள லைசென்ஸ் எடுக்கலைன்னா ஆபீஸ்ல தபால் பிரிக்கிற பிரிவுல உட்கார வச்சுடுவாங்க. எட்டுப் போடத் தெரியணும். முதல் சுழி வருது. ரெண்டாவதுல விழுந்துடறேன். அஞ்சு தடவை ஃபெயில். நீ ஃபெயில் ஆனவங்களை எப்படிப் பார்ப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

டீச்சர் காகிதத்தைப் பிரித்தார். எட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் படித்துவிடும். முழங்கால் சிராய்ப்பையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என் போனைத் தாங்க" என்று ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, தபால்காரர் மனைவியிடம் சொன்னார்: "நானே போட்டுவிடறேன். எப்ப வேணும்னாலும் நான் எங்க இருக்கேன்னு பாரு."

"வேணாம். வர்ற வியாழன் நானும் வரேன். ரெண்டாவது சுழியில எங்க தப்பு பண்றீங்கன்னு பார்க்கலாம்."

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாத்தனார் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒரு வரிசை நின்றது. படியில் இறங்கி, கடையைச் சுற்றிப் போயிருந்தது. முதலில் நின்ற பெரியவர் தடாலென்று அவள் காலில் விழுந்தார்.

"தாயே! நீங்கதான் உண்மையான சக்தி! என் போனைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க!"

"உங்க சட்டைப்பையிலதான் இருக்கு ஐயா. முதல்ல தலையைத் தூக்குங்க. தரையில முட்டறதுக்கா அது? அதுக்கு வேற வேலை இருக்கு."